கழித்ததா, கழிக்காததா?

1

இந்தக் கதை நேற்றுச் சாயங்காலம் எனக்குக் கிடைத்தது. நானாகத் தேடிப்போய்ப் பிடித்ததில்லை. எலப்புள்ளியில் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் கிருத்திகா தோசைமாவு கேட்டு இறங்கி வந்தாள். என் எவர்சில்வர் போசி ஒன்றில் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவள் போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, "ஏனுங்க்கா, உங்களுக்கு ஒரு கதை இருக்குதுங்க. எழுதறீங்களா?" என்றாள்.

எழுத்தாளரைப் பார்த்ததும் 'என்கிட்ட ஒரு கதை இருக்கு' என்று ஆரம்பிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. பல் பிடுங்கிக்கொண்டிருந்தபோதுகூட ஒரு டாக்டர் தன் கதையைச் சொன்னார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டுத் தொலைத்தேன். ஆனால் கிருத்திகா அந்த ரகமில்லை. கஞ்சிக்கோட்டில் ஒரு தனியார் ஆய்வகத்தில் வேலை. வெளிநாட்டுக்குப் போகிற ஏலக்காயிலும் மிளகிலும் பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். குடிவந்த நாளிலிருந்து தன் வேலையைப் பற்றி வாயே திறக்காதவள். அதனால் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன்.

இது அவள் முன்பு வேலை பார்த்த இடத்தில், எப்போதோ, வேறு யாருக்கோ நடந்ததாம். அந்த வேறு யாரோவின் பேர் மறந்துவிட்டதாம். இந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. ஒரு பத்திரிகை ஆசிரியர் வேறு ரொம்ப நாளாகக் கதை கேட்டுக்கொண்டிருக்கிறார். 'மலைப்பக்கமா ஒண்ணு குடுங்க, ஏலக்காய் மணக்கணும்' என்றார். மணக்க நான் என்ன பாயசமா காய்ச்சுகிறேன்? ஆனாலும் மலை இருக்கிறது, சாவு இருக்கிறது, ஒரு பெண் ஜெயிலில் இருக்கிறாள். கிடைத்தால் விடுவேனா?

[பேர் இல்லாத ஆட்களை வைத்து எழுத எனக்கு வராது. அதனால் அந்த வேறு யாரோவுக்கு இப்போதைக்குக் கிருத்திகா என்றே பேர். அவளுடைய உதவியாளுக்கு ஜோமோன். கிருத்திகாவின் கீழே நிஜமாகவே வேலை பார்க்கிற பையன் பேர் அது. முடித்த பிறகு மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன்.]

2

தொடக்கம் ஒன்று: காந்தலூர் மலையில் மூடுபனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது—

அடித்தேன். எந்த மலைக்கதையைப் பிரித்தாலும் பனி இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: சங்கையா செத்தபோது அவர் வாயில் சுக்கு மணந்தது.

இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் முகர்ந்து பார்த்தது? அடித்தேன்.

தொடக்கம் மூன்று. காந்தலூரில் ஒரு காய்கறித் தோட்டம். முட்டைக்கோஸ், பீன்ஸ், பூண்டு. அங்கே மருந்தடிக்கிற வேலை சங்கையாவுக்கு. முதுகில் தொட்டி, கையில் குழாய், மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. அன்றைக்கு வேலை முடிந்து வந்தவருக்குத் தலை சுற்றியது. வேர்த்துக் கொட்டியது. வாயில் எச்சில் ஒழுகியது. மனைவி முத்துப்பேச்சி சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். குடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஜீப்பிலேயே உயிர் போய்விட்டது.

இதுவே இருக்கட்டும். அழகில்லை, ஆனால் உள்ளே வர வழி விடுகிறது.

ஆஸ்பத்திரியில் அவளிடம் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். அவள் சொன்னது இவ்வளவுதான்: "தலையத் தூக்கிப் பிடிச்சு மருந்து குடுத்தேன். குடிச்சாரு."

உடனே போலீஸ் வந்து அவளிடம் மொழி எடுத்தது. [மலையாளத்தில் மொழி என்றால் வாக்குமூலம். இங்கே எல்லைப்பக்கம் வாழ்கிற நமக்குப் பழகிப்போன சொல்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அவளிடமிருந்து மொழியை எடுத்துவிட்டார்கள் என்றால், அப்புறம் அவளிடம் பேச என்ன இருக்கும்?] வீட்டைச் சோதித்தார்கள். கட்டிலுக்கு அடியில் பூச்சிமருந்துப் புட்டி ஒன்று கிடைத்தது. கொல்லையில் போட்டிருந்த அவரைக்கொடிக்கு வாங்கியது என்றாள். யார் காதில் வாங்கினார்கள்?

தோட்டத்தில் சங்கையா அடித்தது அந்தப் புட்டி மருந்து இல்லை. அது வேறு. லேபிள் கிழித்த கேனில் எங்கிருந்தோ வந்தது. இங்கே விற்கக் கூடாதது.

ஆக, கேள்வி ஒன்றே ஒன்றுதான். சங்கையாவின் உடம்புக்குள் இருந்தது எது? வீட்டுப் புட்டி என்றால் முத்துப்பேச்சி கொலைகாரி. தோட்டத்துக் கேன் என்றால் வேலை பார்த்த இடத்திலேயே தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் விஷம் ஏறியிருக்கிறது. அவள் கொடுத்தது சுக்குக் கஷாயம். கோர்ட் உத்தரவோடு, சங்கையாவின் உடம்பிலிருந்து எடுத்த மாதிரி ஒன்று ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. [இந்த மாதிரி கேஸ் தனியார் இடத்துக்கு வருமா என்று வக்கீல்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கதையில் வந்துவிட்டது. அந்தப் புட்டியையும் சேர்த்து அனுப்பியிருந்தால் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாமே என்று கேட்டால், அதையும் அனுப்பவில்லை. ஸ்டேஷன் அலமாரியில் இருக்கிறது.]

3

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள் போகலாம். கடைசியில் வந்து ஒன்றும் புரியவில்லை என்று என்னிடம் முகத்தைத் தூக்கக் கூடாது, அவ்வளவுதான்.

செத்த மனிதரின் உடம்பிலிருந்து எடுத்த மாதிரியில் என்னதான் இருக்காது? சுக்கு, மிளகு, கருப்பட்டி, மத்தியானம் தின்ற சோறு, வெற்றிலை, உடம்பே தனக்காகச் செய்துகொண்ட ஆயிரம் சரக்கு. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு துளி விஷம். அந்தக் கலவையைச் சூடாக்கி, தலைமுடி மாதிரி மெலிந்த நீளக் குழாய் வழியாகத் தள்ளினால், ஒவ்வொன்றும் தன் நேரத்துக்குத் தனியாக வெளியே வரும். வருவதை எடைபோட ஒரு மெஷின். அந்த மெஷினுக்கு ஒரு குணம் உண்டு: மின்னேற்றம் இல்லாத எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாது.

வழக்கமான வழி, எலக்ட்ரானை எறிந்து அடிப்பது. அடித்தால் மின்னேற்றம் வரும், ஆனால் மூலக்கூறு நொறுங்கிப்போகும். சில்லுகளை எடைபோட்டு, முழுசாக இருந்தபோது அது என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிக்க வேண்டும். [போலீஸ் விசாரிக்கிற விதத்தோடு இதை ஒப்பிட்டு ஒரு வரி எழுதினேன். மலிவாக இருந்தது. எடுத்துவிட்டேன்.] நம் கதையில் இந்த வழி உதவாது. ஏனென்றால் வீட்டுப் புட்டியில் இருக்கிற விஷமும் தோட்டத்துக் கேனில் இருக்கிற விஷமும் உறவுக்காரர்கள். அடித்தால் இரண்டும் ஒரே மாதிரி உடைகின்றன. 127 எடையில் ஒரு சில்லு, 192 எடையில் ஒரு சில்லு. முழு உடம்பு இரண்டிலும் மிஞ்சுவதில்லை.

[இரண்டுக்கும் பேர் உண்டு. கிருத்திகா சொன்னாள். நான் எழுத மாட்டேன். இதை யார் எந்த மனநிலையில் படிப்பார்களோ, எனக்குத் தெரியாது.]

இரண்டாவது வழி வேதி அயனியாக்கம். பேர்தான் பயமுறுத்தும். முதலில் அறைக்குள் மீத்தேன் வாயுவை நிரப்பிவிடுவார்கள். அடியெல்லாம் வாயுவுக்கு. அடிபட்ட வாயு, நம் ஆளிடம் ஒரே ஒரு புரோட்டானை மெதுவாகக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும். நம் ஆள் உடையாமல் முழுசாகத் தராசில் ஏறுவார். ஆனால் கொடுத்த புரோட்டானும் சேர்ந்து ஏறும். எடையில் ஒன்று கூடிவிடும்.

"அங்கன்வாடில தராசுல நிக்காத அழற கொழந்தைய அம்மா தூக்கிட்டு ஏறுவாளுங்களே, அந்தக் கணக்குத்தானுங்க்கா," என்றாள் கிருத்திகா. "அப்பறம் அம்மாவக் கழிச்சரோணும். கழிக்க மறந்தா கொழந்த எடை தப்பாயிரும்."

தோட்டத்துக் கேன் விஷத்தின் எடை 223. வீட்டுப் புட்டி விஷத்தின் எடை 224. வித்தியாசம் ஒன்று. கழிக்க வேண்டியதும் ஒன்று. இதைக் கேட்டபோது எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துப்போனது. சிலிர்த்தவள் ஜெயிலில் இருக்கிற அந்தப் பெண்ணைப் பற்றி யோசிக்கவில்லை. நல்ல கதை என்று மட்டும் நினைத்தேன்.

4

வெள்ளிக்கிழமை. மாதிரி மெஷினில் ஓடிக்கொண்டிருக்கிறது. கிருத்திகா ஏதோ உதிரிபாகம் வாங்கக் கோயம்புத்தூர் போய்விட்டுத் திரும்புகிறாள். பஸ் வாளையாரில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஆய்வக மேனேஜர் அப்புசாமியின் அறையில் அறிக்கையை வாங்கிப்போக வந்த போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார். உடுமலை சுற்றி மலையேற வேண்டும், நேரமாகிறது என்று அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

அப்போது மின்சாரம் போய், மெஷினில் இருந்த பதிவு மொத்தமும்—

இதை எழுதிய கையோடு அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து மாடிக்கு அனுப்பினேன். உடனே பதில் குரலில் வந்தது: "அக்கா, எங்க லேப்ல யுபிஎஸ் இருக்குதுங்க. அப்பிடியெல்லாம் போகாதுங்க." சரி, மின்சாரத்தை விட்டுவிட்டேன். பழைய இடம் என்றவள் 'எங்க லேப்', 'இருக்குது' என்று சொன்னதை நான் கவனித்திருக்க வேண்டும். வாக்கியத்தை அடிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

மின்சாரம் போகவில்லை. மெஷின் ஒழுங்காக வேலையை முடித்தது. ஜோமோன் திரையைப் பார்த்துவிட்டுக் கிருத்திகாவைக் கூப்பிட்டான். பஸ் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். 'இருநூத்தி இருபத்திநாலு' என்றான்.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம். எண்ணைச் சொல்கிறவன் ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். கிருத்திகா ஏற்படுத்திய வழக்கம். ஜோமோன் கழித்துத்தான் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டு, அப்புசாமிக்குப் போன் போட்டு 'இருநூத்தி இருபத்திநாலுங்க, வீட்டுப் புட்டி மருந்துதானுங்க' என்றாள். அறிக்கை அடித்து, கணினியில் இருந்த அவள் கையெழுத்தைச் சேர்த்து, போலீஸ்காரர் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அவள் வந்து சேர்ந்து திரையைப் பார்த்தாள். திரையிலேயே 224 என்றுதான் இருந்தது. கழிக்காத 224. உண்மை 223.

ஜோமோன் கழிக்க மறந்துவிட்டான்.

நேற்று அவள் சொன்ன கதை இங்கே முடிந்தது. பையன் மறந்தான், பெண் கொலைகாரி ஆனாள். "எப்பிடிங்க்கா இருக்குது? நம்பற மாதிரி இருக்குதுங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். நன்றாக இருக்கிறது, நம்புகிற மாதிரிதான் இருக்கிறது என்று இரண்டு தடவையும் சொன்னேன். முட்டாள் நான்.

5

இன்று காலை முத்துப்பேச்சி எனக்கு உதைத்தாள். கதைப் பாத்திரமாக எங்கோ இடித்தாள் என்கிறேன்.

அவள் நிஜமாகவே அவரைக் கொன்றிருந்தால்? சங்கையா குடித்துவிட்டு அடிப்பார் என்று ஒரு பத்தி எழுதினேன். அதுவாகவே வந்து விழுந்தது. கூலிக்காரப் புருஷன் என்றதும் கை தானாகக் குடிகாரன் என்று எழுதிவிடுகிறதே, என்ன கை இது என்று அலுத்துப்போய் அடித்தேன். பிறகு, அவர்கள் ரொம்பப் பிரியமாக இருந்தார்கள் என்று ஒரு பத்தி. அது இன்னும் மோசம். இரண்டையும் நான்தான் கொடுக்கிறேன். அவள் சொன்னது 'மருந்து குடுத்தேன்' மட்டும்தான். அந்தச் சொல்லையாவது சரியாகத் தெரிந்துகொள்ளலாம் என்று நிஜ ஜோமோனுக்குப் போன் போட்டேன். அவன் ஊர் காந்தலூர்ப் பக்கம். அம்மா கத்தரீனாள் பூண்டுத் தோட்டத்துக்குப் போகிறவர். அவர் கொடுத்தனுப்புகிற மலைப்பூண்டு எனக்கும் ஒரு பங்கு வரும். அந்த உரிமையில் கேட்டேன்.

மருந்து என்றால் உங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்றதும் சிரித்தான். "எங்க ஊர்ல எல்லாமே மருந்துதான்க்கா. தோட்டத்துக்கு அடிக்கிறதும் மருந்து, காய்ச்சலுக்குக் குடிக்கிறதும் மருந்து, மனசு விட்டுப்போயி சாகக் குடிக்கிறதும் மருந்து. சொல்றவங்க மூஞ்சியப் பாத்துத்தான் எதுன்னு தெரிஞ்சுக்கிடணும்." அப்புறம் சிரிப்பு நின்றது. "எதுக்குக் கேக்கீங்க? அந்தக் காந்தலூர் கேசுக்கா?"

எந்தக் கேஸ் என்றேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் லேபிலிருந்து அறிக்கை போனதே, அதுதான் என்றான். அந்தப் பெண்ணுக்கு நாளைக்குக் கோர்ட்டில் ஜாமீன் கேட்கிற நாள். ரிப்போர்ட் நல்லபடியாக வந்திருந்தால் வெளியே வந்துவிடும், இல்லாவிட்டால் கேஸ் முடிகிற வரைக்கும் உள்ளேதான் என்று அவன் அம்மா சொன்னாராம்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இது எப்போதோ நடந்தது இல்லை. முந்தாநாள் நடந்தது. வேறு யாருக்கோவும் இல்லை. நான் அவள் புருஷனை ஒரு பத்தியில் குடிகாரனாக்கி, ஒரு பத்தியில் காதலனாக்கி விளையாடிக்கொண்டிருக்கும்போது, அங்கே ஒருத்தி நிஜமாகவே கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

பதற்றத்தில் வாயில் வந்ததைக் கேட்டேன்: கழிக்காமல் சொன்னது நீதானே?

அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் நிதானமாகச் சொன்னான். அதற்கு முந்தின வாரம் ஓர் ஏலக்காய் மாதிரியில் அவன் ஒன்றைக் கழித்துச் சொல்ல, கிருத்திகாவும் மறந்தாற்போல் ஒன்றைக் கழிக்க, எண் இரண்டு குறைந்து பெரிய குழப்பமாகிவிட்டதாம். அன்றைக்கு அவள்தான் சொன்னாளாம்: "இனிமே நீ கழிக்காத ஜோமோன். திரையில இருக்கறத அப்பிடியே சொல்லு. நான் கழிச்சுக்கறேன்." அதிலிருந்து அவன் கழிப்பதில்லை. வெள்ளிக்கிழமையும் திரையில் இருந்ததைச் சொன்னான். அவள் கழித்திருப்பாள் என்று இருக்கிறான்.

"அக்கா," என்றான். "ரிப்போர்ட்ல என்ன போட்டாங்க?"

நான் போனை வைத்துவிட்டேன். எனக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை.

6

(இந்த எண்ணுக்குக் கீழே அப்புசாமியை வில்லனாக வைத்து ஒரு காட்சி எழுதியிருந்தேன். மேஜையைத் தட்டுவார், கத்துவார். கிருத்திகாவைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அதைக் கிழித்துப் போட்டேன். அந்த மனுஷன் கத்தவே இல்லையாம்.)

7

மாடிக்கு ஏறிப் போனேன். வாடகைக்கு விட்ட பிறகு நான் அந்தப் படி ஏறியதே இல்லை. மத்தியான வெயில். கிருத்திகா தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் மடிப்பதை நிறுத்தினாள். ஜோமோனிடம் பேசினேன் என்றேன். அவள் ஒன்றும் மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை திரையைப் பார்த்ததுமே ஓடிப்போய் அப்புசாமியிடம் சொல்லியிருக்கிறாள். அவர், திருத்தம் அனுப்புவதென்றால் அனுப்பலாம், ஆனால் தவறு யாருடையது என்று அதில் எழுத வேண்டும் என்றாராம். "உங்க தப்புன்னு போட்டீங்கன்னா, நீங்க இதுவரைக்கும் கையெழுத்துப் போட்ட அத்தன ரிப்போர்ட்டையும் தோண்டுவாங்கம்மணி. லேப்ப இழுத்து மூட வேண்டியதுதான். பையன் தப்பாச் சொல்லிப்போட்டான்னு எழுதுங்க. அவன் சின்னப் பையன், வேற வேல தேடிக்குவான். அந்தப் பொம்பளயும் வெளிய வந்துருவா. யாருக்கும் சேதாரமில்ல." யாருக்கும் சேதாரமில்லை என்று அவர் மனசாரத்தான் சொல்லியிருக்கிறார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்று என் சமையலறைக் கதவில் சாய்ந்து அவள் சொன்னது கதையே இல்லை. ஜோமோன் மறந்துவிட்டான் என்ற கடிதத்தின் ஒத்திகை அது. கதையாக நின்றால் கடிதமாகவும் நிற்கும். நம்புகிற மாதிரி இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டாளே. நான் இரண்டு தடவையும் முத்திரை குத்திக் கொடுத்தேனே.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என்னைக் கதை சொல்லி ஏமாற்றியதற்கா, அந்தப் பையனை விற்கப் பார்த்ததற்கா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவ்வளவையும் இங்கே எழுத முடியாது. அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள்.

"உங்கள ஏமாத்தோணும்னு இல்லீங்க்கா," என்றாள் கடைசியில். "நீங்க 'இது பொய்'னு சொல்லிட்டீங்கன்னா அந்த லெட்டர எழுதாம உட்டறலாம்னு இருந்தனுங்க. நீங்க நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டீங்க."

பேச்சை மாற்றி வேறொன்று கேட்டேன். 223 என்று அனுப்பினாலும் முத்துப்பேச்சி நிரபராதி என்று ஆகிவிடுமா? கேனிலிருந்து கொஞ்சம் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தால்?

"அது எனக்குத் தெரியாதுங்க. இருநூத்தி இருபத்திமூணுன்னா இருபத்திமூணு. அவ்வளவுதான் நான் சொல்ல முடியும். அதுக்கு மேல சொல்றதுக்கு நான் யாருங்க?" என்றாள். "ஆனா அதக்கூட நான் சொல்லலியேங்க்கா."

திருத்த அறிக்கையைப் போனிலோ வீட்டிலிருந்தோ அனுப்ப முடியாதாம். ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அங்கே இருக்கிற கணினியில், அவள் கையெழுத்தைப் போட்டுத்தான் கோர்ட்டுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை, பூட்டியிருக்கும். ஆனால் ஒரு சாவி அவளிடம் உண்டு. ஸ்கூட்டர் சாவியோடு ஒரே வளையத்தில் தொங்குகிறது. ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த அந்த வளையத்தை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

8

கீழே வந்து உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தது எழுதுவது ஒன்றுதான். முடிவுகளை எழுதினேன்.

முடிவு அ. கிருத்திகா ஆய்வகத்துக்குப் போகிறாள். கதவைத் திறக்கிறாள். 'தவறு என்னுடையது. நான் கழிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புகிறாள். மறுநாள் முத்துப்பேச்சி கோர்ட் வாசலில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வருகிறாள். யாரோ ஒரு டம்ளர் டீ வாங்கிக் கொடுக்கிறார்கள். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

முடிவு ஆ. கடிதம் போகிறது, ஜோமோன் பேரில். முத்துப்பேச்சி வெளியே வருகிறாள். ஜோமோன் ஊருக்குத் திரும்பிப்போய், முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு—

முடிவு இ. ஒன்றும் போகவில்லை. திங்கள் வருகிறது. இந்த முடிவுக்கு நீளமே இல்லை. யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பதால் எழுதவும் எதுவும் இல்லை.

எதை வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கிருத்திகா இறங்கி வந்தாள். தாள்களைக் கேட்டாள். கொடுத்தேன். நின்றவாறே படித்தாள். முடிவு அ-வில் டீ டம்ளர் வருகிற இடத்தில் அழுதுவிட்டாள். நானும் கொஞ்சம் அழுதேன் என்று சொல்வதில் வெட்கமில்லை. என் எழுத்தைப் படித்து எதிரிலேயே ஒருவர் அழுவது எனக்கு இதுதான் முதல் தடவை. அந்த நேரத்திலும் அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் தாளை என்னிடம் நீட்டினாள்.

"இதக் கிழிச்சுப்போடுங்க்கா."

நன்றாக இல்லையா என்றேன்.

"நல்லா இருக்குதுங்க. அதானுங்க. படிச்சதும் எனக்கு மனசு ஆறிப்போச்சு. நானே போயி அனுப்பிட்டு வந்தாப்பல இருக்குது." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆறக் கூடாதுங்க்கா. அந்தப் பொம்பள இன்னும் உள்ளதான இருக்குது."

சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். மூன்று முடிவுகளையும் கிழித்தேன். மேலே நீங்கள் படித்தது கிழித்த பிறகு ஞாபகத்திலிருந்து எழுதியது. ஆறுதலான இடங்களை மழுப்பியிருக்கிறேன். முதலில் எழுதியதில் டீ இன்னும் நன்றாக இருந்தது.

9

அதனால் இந்தக் கதைக்கு முடிவு எழுத மாட்டேன். எழுதத் தெரியாமல் இல்லை. அவள் அனுப்பிவிட்டாள் என்று எழுதினால் நீங்கள் ஒரு பெருமூச்சு விட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். அனுப்பவில்லை என்று எழுதினால் உலகமே இப்படித்தான் என்று உச்சுக்கொட்டிவிட்டு அப்போதும் புரட்டிவிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும். நானும் வாசகிதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மின்னேற்றம் இல்லாத எதுவும் அந்த மெஷினின் கண்ணுக்குத் தெரியாது, யாராவது ஒரு புரோட்டானைக் கொடுக்க வேண்டும் என்று முன்பு எழுதினேன் அல்லவா? இந்தக் கதையில் கொடுத்தது நான். முத்துப்பேச்சி உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அவளைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறியிருக்கிறேன். சுக்கு தட்டினாள் என்றது, அவரைக்கொடி என்றது, அந்தப் பேர்கூட என்னுடையதுதான். ஆகவே என்னைக் கழித்துவிடுங்கள். கழித்தால் மிஞ்சுவது ஒரு பெண், தலையைத் தூக்கிப் பிடித்தாள், மருந்து கொடுத்தாள் என்பது மட்டும்தான். எந்த மருந்து என்று நாளைக்குக் கோர்ட்டில் யாராவது கேட்டாக வேண்டும். கேட்பதற்குத் திருத்திய தாள் ஒன்று அங்கே இருந்தாக வேண்டும்.

ஜோமோன் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டான். நான் எடுக்கவில்லை. நாலாவது தடவை மணி மாடியில் அடித்தது. அவள் எடுத்தாள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அவள் குரல் மட்டும் கொஞ்ச நேரம் தாழ்ந்து கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

சாயங்காலம் ஆகிவிட்டது. நேற்று இதே நேரத்துக்குத்தான் மாவு கேட்டு வந்தாள். அந்தப் போசியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று காலையில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாடிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறது. படியில் இறங்கி வருகிறாள். கையில் ஏதோ உலோகச் சத்தம். சாவி வளையமா, போசியா என்று இங்கே உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியவில்லை. வாசற்கதவு திறந்துதான் இருக்கிறது. தலையைத் தூக்கினால் தெரிந்துவிடும். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் பாருங்கள்.